அடுக்களையில் மிஞ்சுவது எங்கே போகவேண்டும்? பசுவுக்கா, பானைக்கா, பச்சைத் தொட்டிக்கா?

பசுமையாகவும் நாலு பேருக்கு உதவியாகவும் வாழவேண்டும் என்று ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசினால், பேச்சு முதலில் சோலார் பேனலுக்கும் மின்சார ஸ்கூட்டருக்கும்தான் போகும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடி சொந்தமில்லை, வண்டி மாற்றக் கையில் காசில்லை. அத்தோடு பேச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டில் அடுக்களைக் கூடையிலிருந்து தொடங்கினோம். அதற்குப் பெரிய செலவில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, எப்படியும் தினமும் செய்தே ஆகவேண்டிய வேலை.

கூடையில் சேர்வது கொஞ்சநஞ்சம் இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு கழிவாகிறது என்கிறது. தோல், கொட்டை, எலும்பு எல்லாம் சேர்த்த கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 220 கிலோ, நாளுக்கு 600 கிராம். வாழைப்பூ ஆய்ந்து, முருங்கைக்காய் சாம்பார் வைத்து, தேங்காய் துருவும் நாளில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இது எங்கே போகிறது? சென்னை என்றால் கொடுங்கையூரும் பெருங்குடியும். பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பை இந்த இரண்டு இடங்களில்தான் மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சதுப்புநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே 2022 ஏப்ரலில் கிடங்கு பற்றிக்கொண்டு சில நாட்கள் எரிந்தது, சுற்றுவட்டாரமே புகையில் மூச்சுத் திணறியது. காற்றுப்படாமல் அமுங்கிக் கிடக்கும் காய்கறித் தோலும் சோறும் மீத்தேன் வாயுவாக மாறும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைப்போல 27 மடங்குக்கும் மேல். எரிவதும் அதுதான். நம் வீட்டு வெண்டைக்காய்க் காம்பு, கொடுங்கையூரில் குடியிருக்கும் ஒரு குழந்தையின் இருமலாகப் போய்ச் சேருகிறது. பசுமை வேறு, பிறருக்கு உதவுவது வேறு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம்.

ஆக, கேள்வி இதுதான்: அந்த 600 கிராமை எங்கே கொடுத்தால் நல்லது? கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. ஒரு வாரத்துக்குத் தோல், காம்பு, சக்கையை ஒரு டப்பாவிலும், சமைத்து மீந்ததை இன்னொரு டப்பாவிலும் போட்டுவாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு வேறு. முதலாவது மண்ணுக்குப் போகவேண்டியது. இரண்டாவது பெரும்பாலும் மிஞ்சியிருக்கவே கூடாதது.

பச்சைத் தொட்டி

இருப்பதிலேயே சுலபமான வழி, மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பது. வீட்டிலேயே பிரித்துத் தரவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது. பச்சைத் தொட்டி மக்குவதற்கு, நீலத் தொட்டி மக்காததற்கு. பிரித்துக் கொடுத்த ஈரக்குப்பை வார்டு அளவில் இருக்கும் உரக் கூடங்களுக்குப் போய் எருவாக வாய்ப்பு உண்டு. கலந்து கொடுத்தால் அந்த வாய்ப்பே இல்லை.

இதை நிறையப் பேர் ‘ஒன்றும் செய்யாமல் இருப்பது’ போல நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரிக்காத மூட்டையை யாரோ ஒருவர் கைவிட்டுத்தான் பிரிக்கவேண்டும். உடைந்த டம்ளர், பிளேடு, நாப்கின், புளித்த குழம்பு எல்லாம் ஒரே பையில் கிடந்தால் அது அவர் கையில்தான் படும். கண்ணாடித் துண்டைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுப்பதற்கு நமக்கு அரை நிமிடம் ஆகாது. நாப்கினையும் டயப்பரையும் சுற்றித் தனியாகக் கொடுப்பதும் அப்படித்தான். ஒரு வீடு இன்று காலையிலேயே தொடங்கக்கூடிய ஈகை இதைவிட வேறு எதுவும் இல்லை என்பேன்.

“வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்களே, நாம் பிரித்து என்ன பயன்?” என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சில தெருக்களில் அப்படி நடக்கவும் செய்கிறது. ஆனால் தெருவில் பாதி வீடு கலந்து கொடுத்தால் வண்டியில் தனித்தனியாக வைத்திருப்பது யாராலும் முடியாது. கேரளத்தில் ஆலப்புழை நகரத்தின் குப்பை சர்வோதயபுரம் என்ற ஊரில் கொட்டப்பட்டு வந்தது. அந்த ஊர்க்காரர்கள் இனிமேல் இங்கே கொட்டக்கூடாது என்று மறித்தார்கள். நகரம் வேறு வழியில்லாமல் 2012 வாக்கில் வீட்டுக்கு வீடு குழாய் உரக்கலன், கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன், தெருவோரத்தில் பொது உரத்தொட்டி என்று மாறியது. முதலில் மாறியது வீடுகள், அதன் பிறகுதான் வண்டிகள்.

பசு

எங்கள் அத்தை வளர்ந்த வீட்டில் குப்பைக்கூடையே கிடையாதாம். அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், வடித்த கஞ்சியில் மிஞ்சியது எல்லாம் கழுநீர்ப் பானைக்குப் போகும். பால்காரர் வீட்டு ஆள் வந்து எடுத்துப் போவார். “மாடு குடிச்சது போக மிச்சம் என்ன இருந்துச்சு, ஒண்ணுமில்ல” என்பார் அத்தை. மாடு வளர்ப்பவர் பக்கத்தில் இருக்கும் ஊரில் இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பழக்கம் உண்டாகிறது, தீவனச் செலவும் ஓரளவு மிச்சம்.

ஆனால் தெருவில் அலையும் மாட்டுக்குப் பையோடு வைப்பது வேறு கதை. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். பசு உதட்டால் பையைப் பிரித்துத் தின்னாது, சேர்த்தே விழுங்கிவிடும். மாடு அசைபோடும் வயிற்றில் அது வெளியே போக வழியில்லாமல் தங்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. புண்ணியம் என்று நினைத்து ஒரு சட்டி சோற்றையோ விசேஷ வீட்டில் மீந்த பொங்கலையோ மொத்தமாக வைத்தால் மாட்டின் வயிறு அமிலமாகிப் படுத்துவிடும், செத்துப்போகவும் கூடும். காய்த்தோல், கீரைத்தண்டு, வாழைப்பூ மடல், தர்ப்பூசணித் தோல் தாராளமாகக் கொடுக்கலாம். சோறு கழுநீரில் கொஞ்சம் கலந்தால் போதும். ஊறிப்போன எண்ணெய்ப் பலகாரமும் முளைவிட்ட உருளைக்கிழங்கும் வேண்டவே வேண்டாம்.

மண்பானை

வாடகை ஃபிளாட்டில், மாடு இல்லாத தெருவில், பானைதான் என் தேர்வு. பெங்களூரின் டெய்லி டம்ப் நிறுவனம் 2006 முதல் மூன்றடுக்கு மண்பானையை நகரத்து வீடுகளுக்குப் பழக்கிவருகிறது. அதையேதான் வாங்கவேண்டும் என்பதில்லை. குயவரிடம் மூடியோடு இரண்டு மூன்று பானை வாங்கி, பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் தரச் சொன்னாலும் வேலை நடக்கும். ஒன்று நிறையும்போது இன்னொன்று மக்கிக்கொண்டிருக்கும்.

செய்முறை சிரமமில்லை. அடியில் சருகோ தேங்காய் நார்க்கழிவோ ஒரு சாண். மேலே அன்றைய தோலைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, ஏறக்குறைய அதே அளவு சருகால் மூடிவிடவேண்டும். காய்கறியில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஈரமும் அதிகம், சருகில் கரி (கார்பன்) அதிகம். கரி 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்று அமைந்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். யாரும் எடைபோட்டுப் பார்க்கவேண்டாம், மூக்கும் கையும் போதும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போகவில்லை, ஈரம் கூடிவிட்டது என்று பொருள். கிளறிவிட்டு இன்னும் சருகு போடவேண்டும். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி வந்தால் பச்சை அதிகமாகிவிட்டது, அதற்கும் சருகுதான். போட்டது போட்டபடி காய்ந்து கிடந்தால் புளித்த மோரில் தண்ணீர் கலந்து தெளிக்கலாம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வரவேண்டும், ஒழுகக்கூடாது.

மூன்று வாரம் போல ஆனதும் பழைய கரண்டியால் கிளறிப் பாருங்கள். மேலே வெள்ளைப் பூசணம் படர்ந்திருக்கும், பயப்படவேண்டாம், அது வேலைக்காரன். உள்ளே கைவைத்தால் வெதுவெதுப்பு தெரியும். வாழைப்பழத் தோல் இருந்த இடமே தெரியாது. காபித்தூள் சக்கை மண்ணோடு மண்ணாகியிருக்கும். முருங்கைக்காய் சக்கை நார்நாராகப் பிரிந்து நிற்கும். முட்டை ஓடும் மாங்கொட்டையும் எலுமிச்சைத் தோலும் மட்டும் பிடிவாதமாக முழுசாகக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி அடுத்த பானையில் போட்டுவிடலாம். இரண்டு மூன்று மாதத்தில் கருப்பாக, உதிரியாக, புதுமழைக்கு மண் மணக்குமே அந்த வாசத்தோடு உரம் கிடைக்கும். மழை மண்வாசத்தைத் தரும் நுண்ணுயிர்களின் இனம்தான் இதிலும் வேலை செய்கிறது. அந்த வாசம் வந்துவிட்டால் செடிக்குப் போடலாம்.

புழுவைக் கண்டு பாதிப் பேர் பானையை மூடி வைத்துவிடுகிறார்கள். தடித்த, சாம்பல் நிறப் புழு என்றால் அது பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழு. குப்பையைத் தின்று தீர்த்துவிட்டுப் போய்விடும், செடிக்கோ வீட்டுக்கோ கெடுதல் இல்லை. மொய்க்கும் பொடி ஈதான் தொல்லை. அதற்குத் தோல் வெளியே தெரியாமல் சருகால் மூடுவதும் ஒரு பிடி வேப்பம்புண்ணாக்குத் தூவுவதும் போதும்.

குறை என்ன? தினமும் ஒருவர் கவனிக்கவேண்டும். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் தள்ளிப்போட முடியாத வேலை. எங்கள் வீட்டில் அது மகனுடைய பொறுப்பு. அவனே கேட்டு வாங்கிக்கொண்டான், அதனால்தான் நிலைத்தது. யார் பொறுப்பு என்று முடிவாகாத வீட்டில் பானை வாங்கவேண்டாம் என்றே சொல்வேன், பச்சைத் தொட்டியே போதும். சருகும் முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும். தெருவில் கூட்டிக் குவித்து எரிக்கப்போகும் இலைகளைக் கேட்டு வாங்கினால் புகையும் மிச்சம். அப்புறம் மீன் செதில், கோழி எலும்பு, எண்ணெய் வழியும் குழம்பு இவை பானைக்கு ஆகாது. நாற்றமும் எலியும் வரும்.

மீன் சமைக்கும் வீட்டுக்கு பொக்காஷி என்ற ஜப்பானிய முறை ஒரு வழி. காற்றுப் புகாத வாளியில் நுண்ணுயிர் கலந்த தவிட்டைத் தூவி இரண்டு வாரம் ஊறுகாய்போலப் புளிக்க வைப்பது. ஆனால் அதன் பிறகு மண்ணில் புதைத்தே ஆகவேண்டும். மண் இல்லாத ஃபிளாட்டில் அது பாதி வழியில் நிற்கும். தோட்டம் உள்ள வீட்டிலோ, மீன் கழிவை நேராகத் தென்னை மூட்டில் ஆழமாகப் புதைத்துவிட்டால் வாளியே வேண்டாம்.

கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு கன மீட்டர் எரிவாயு சுமார் அரைக் கிலோ சிலிண்டர் எரிவாயுவுக்குச் சமம். நாளுக்கு 600 கிராம் கழிவில் அதில் சிறு பங்குதான் தேறும். ஹாஸ்டல், மெஸ், கல்யாண மண்டபம், ஐம்பது வீடு சேர்ந்த குடியிருப்பு என்றால் யோசிக்கலாம். தனி வீட்டுக்கு வேண்டாம்.

சமைத்து மீந்தது

இனி இரண்டாவது டப்பா. இதில்தான் ஈகையின் பெயரால் நாம் நிறையத் தடுமாறுகிறோம்.

சென்னை பெசன்ட் நகரில் 2017இல் டாக்டர் ஈசா பாத்திமா ஜாஸ்மின் ‘ஐயமிட்டு உண்’ என்று ஒரு பொதுக் குளிர்பெட்டியை வைத்தார். யார் வேண்டுமானாலும் உணவு வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் துணி, புத்தகம், பொம்மைக்கு ஓர் அலமாரி. வாங்குபவர் யாருக்கும் முன்னால் கைநீட்டி நிற்கவேண்டாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. விசேஷ வீட்டில் அண்டா அண்டாவாக மீந்தால் அதற்கு வேறு அமைப்புகள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்றவர்கள் மண்டபத்துக்கே வந்து எடுத்துப்போகிறார்கள். பந்தி முடியும் முன்பே சொல்லிவிட்டால்தான் அவர்களாலும் வேளைக்குக் கொண்டுசேர்க்க முடியும்.

அன்றாட வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு கறாரான விதி வேண்டும். சமைத்த சோறு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்தால் கொடுக்காதீர்கள். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதியிலும் சாகாது. சோறு ஆறிக் கிடக்கும்போது முளைத்து நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பழைய சோறு வேறு வகை. அதில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கிறோம், புளிப்பு ஏறுவதால் பெரும்பாலான கெட்ட கிருமிகளால் அதில் எளிதில் பெருக முடியாது. அதை நம் வீட்டிலேயே மோரும் சின்ன வெங்காயமுமாகத் தீர்த்துவிடலாம். பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால் நாம் சாப்பிடும் அதே வேளையில், அதே சூட்டில் கொடுக்கவேண்டும்.

வேலைக்கு வரும் அக்காவிடம் நேற்றைய குழம்பை நீட்டும் வழக்கத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லமுடியாத இடத்தில் நிற்கிறார். நமக்கு ஃபிரிட்ஜ் காலியாகிறது, அவருக்கு இன்னொரு வீட்டு மிச்சம் சுமையாகிறது. காலையில் உலை வைக்கும்போதே “இன்னிக்கு இங்கேயே சாப்பிட்டுட்டுப் போறீங்களாக்கா?” என்று கேட்டு, அவருக்கும் சேர்த்து வடித்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

மீந்ததைக் கொடுப்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது பிடி அரிசி. தினமும் அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைத்து, மாத முடிவில் அன்னதானத்துக்கோ ஆதரவற்றோர் இல்லத்துக்கோ கொடுப்பது. காஞ்சி மகாபெரியவர் வீடுவீடாகப் பரப்பிய பழக்கம். பல குடும்பங்களில் அதற்கு முன்பே இருந்ததும்தான். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1.2 கிலோ. இதில் கெட்டுப்போவது இல்லை, யாருடைய மிச்சமும் இல்லை, நம் வீட்டு உலையிலும் ஒரு பிடி குறைந்து சோறு மீந்துபோவதும் நிற்கிறது. எங்கள் வீட்டில் சின்னவள் கையால் போடுகிறாள், அவள் பிடி சிறியது என்று அத்தை பக்கத்தில் நின்று இன்னொன்று போடச் சொல்வார். கொடுக்கும் முன் அங்கே எந்த அரிசி சமைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பச்சரிசியும் புழுங்கலும் இட்லி அரிசியும் கலந்த மூட்டை யாருக்கும் உதவாது.

எந்த வீட்டுக்கு எது

வேலைக்குப் போகும் இருவர், பொறுப்பெடுக்க ஆளில்லாத வாடகை வீடு என்றால், பிரித்துக் கொடுப்பதும் பிடி அரிசியும் போதும். அதுவே ஊரில் பல வீடுகள் செய்யாதது. பால்கனியும் ஆர்வமுள்ள ஓர் ஆளும் இருந்தால் பானையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொல்லை உள்ள வீட்டுக்குப் பானைகூட வேண்டாம், இரண்டடிக் குழி இரண்டு தோண்டி மாற்றி மாற்றி நிரப்பினால் ஆயிற்று. மாடு வளர்ப்பவர் தெருவில் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அவரிடம் போய்க் கேளுங்கள். எதை வைத்தாலும், முளைவிட்ட கிழங்கு, மீன் கழிவு, எலும்பு இவற்றைப் பச்சைத் தொட்டிக்கு விட்டுவிடுவதில் தவறில்லை.

ஃபிளாட்டில் இவ்வளவு உரத்தை என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். 30 கிலோ தோல் வற்றி வற்றி ஐந்தாறு கிலோ உரமாகத்தான் தேறும். நான்கு தொட்டிக்குப் போட்டு மிஞ்சினால் மாடிப்படியோரத்தில் துளசி வைத்திருப்பவர்களுக்கும் பக்கத்துப் பள்ளித் தோட்டத்துக்கும் கொடுக்கலாம். வீட்டு உரத்தில் சூடு குறைவாக இருப்பதால் தக்காளி, பூசணி விதைகள் சாகாமல் இருந்து கேட்காமலே முளைக்கும் என்று சொல்லியே கொடுங்கள்.

ஒரு வாரம் ஊருக்குப் போவதானால் பானையின் மேல் இரண்டு விரற்கடை கனத்துக்குச் சருகு பரப்பி, மழைத்தண்ணீர் இறங்காமல் மூடிவிட்டுப் போகலாம், ஒன்றும் ஆகாது. ஃபிரிட்ஜில் இருக்கும் கீரை, தக்காளி, பால் பாக்கெட்டை மட்டும் கிளம்புவதற்கு முந்தின நாளே பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள், அவர்களால் அன்றைக்கே சமைத்துக்கொள்ள முடியும்.